எங்கள் கட்டுரைக்குள் வந்த யானை

ஐந்தாம் வகுப்பில் எங்கள் ஆசிரியைக்குத் திடீரென்று தாளின் மீது வெறுப்பு வந்தது. இனிமேல் கட்டுரைகளைத் தனித்தனியாகக் கொப்பியில் எழுதப்போவதில்லை, எல்லோரும் சேர்ந்து கணினியில் ஒரே பக்கத்தில் எழுதப்போகிறோம், ஒருவர் எழுதுவதை மற்றவர் அந்தக் கணமே பார்க்கலாம் என்று அறிவித்தார். இளம் ஆசிரியை. எங்கேயோ ஒரு பயிற்சிக்குப் போய் அதைப் படித்துவிட்டு வந்திருந்தார். புதுச் சப்பாத்துப் போட்டவர் நடப்பதைப்போலக் கவனமாகவும் பெருமையாகவும் தொடங்கினார்.

நாங்கள் இருந்த பாடன் என்ற சுவிஸ் நகரத்தில் நிலத்துக்கடியிலிருந்து வெந்நீர் ஊறுகிறது. அதில் குளிப்பதற்காகவே ரோமர்கள் வந்து குடியேறினார்கள் என்று அங்கே படிக்கும் பிள்ளைகள் எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். எங்கள் குழுவுக்கு அந்த வெந்நீர்தான் கிடைத்தது. குழுவில் நான், லேனா, யோனாஸ். திரையில் ஆளுக்கொரு நிறத்தில் ஒரு சின்னக் கோடு மினுங்கும், கூடவே பெயரும் தெரியும். எனக்கு ஊதா, லேனாவுக்குப் பச்சை, யோனாஸுக்கு மஞ்சள். முதல் நாள் நடந்ததைக் கட்டுரை எழுதியது என்று சொல்ல முடியாது. நான் ஒரு வசனம் எழுத, லேனா அதன் நடுவில் புகுந்து திருத்த, இருவரும் எழுதியதை யோனாஸ் தவறுதலாக அழித்தான். ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல் விரல்களாலேயே சண்டை பிடித்தோம். மணி அடித்தபோது எது என் வசனம், எது அவளுடையது என்று எனக்கே விளங்கவில்லை. ஆசிரியை மட்டும் இதுதான் கூட்டு முயற்சி என்று மகிழ்ந்தார்.

அந்தக் கூட்டு முயற்சிக்குத் தனியாகப் புள்ளி உண்டு என்பதுதான் என்னைப் பயமுறுத்தியது. ஆறாம் வகுப்பு முடிந்ததும் எந்தப் பிள்ளை பெட்ஸுக்குப் போகலாம் என்பதை ஆசிரியைதான் சொல்லவேண்டும். பெட்ஸ் என்பது கெட்டிக்காரப் பிள்ளைகள் போகும் மேல் பள்ளிக்கூடம். எங்கள் வீட்டில் அது ஒரு நேர்த்திக்கடன். அப்பா வைத்தியசாலைச் சமையலறையில் பாத்திரம் கழுவுவதும், அம்மா அலுவலகங்களைக் கூட்டித் துடைப்பதும் நான் பெட்ஸுக்குப் போவதற்காகத்தான் என்று வீட்டுக்கு வருகிற எல்லோருக்கும் சொல்லப்பட்டிருந்தது. என்னிடமும் அடிக்கடி சொல்லப்பட்டது.

அடுத்த நாள் காலை பக்கத்தைத் திறந்தபோது, எங்கள் தலைப்புக்கு மேலே, நட்ட நடுவில் ஓர் எழுத்து இருந்தது.

உ.

லேனா அதைத் திரையில் ஒட்டிய அழுக்கு என்று நினைத்து விரலால் தேய்த்துப் பார்த்தாள். போகவில்லை. பிறகு விசையை அழுத்தி அழித்தாள். மறுநாள் மறுபடியும் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தது. இந்த முறை யோனாஸ் அழித்தான். அதற்கு அடுத்த நாள் எங்கள் கண்ணெதிரே, நாங்கள் ரோமர்களைக் குளிக்க வைத்துக்கொண்டிருந்தபோது, தானாக முளைத்தது. ஆசிரியை வந்து பார்த்துவிட்டு, ஏதோ தொழில்நுட்பக் கோளாறு என்றார்.

எனக்கோ பார்த்தவுடனேயே தெரிந்துவிட்டது, அது பிள்ளையார் சுழி. எங்கள் வீட்டில் அதைப் போடாமல் எதுவும் தொடங்குவதில்லை. கடைச் சாமான் எழுதும் துண்டிலிருந்து கல்யாண அழைப்பிதழ் வரை அதுதான் முதலில் ஏறும். வரிப் படிவத்தைக்கூட அப்பா பென்சிலால் மெல்லிதாக ஒரு சுழி போட்டுவிட்டுத்தான் நிரப்புவார், அனுப்பும் முன் பயந்து அழித்துவிடுவார். ஆனால் அந்த வகுப்பில் தமிழ்ப் பிள்ளை நான் ஒருத்திதான். நான் போடவில்லை. அப்படியென்றால் போட்டது யார் என்று எனக்குத் தலை சுற்றியது.

திரையின் மேல் மூலையில் எங்கள் மூவரின் பெயர்களும் மூன்று வட்டங்களில் இருக்கும். அன்று நான்காவதாக ஒரு வட்டம் இருந்தது. அதில் ஒரு சின்ன விலங்கின் படம். விரலை வைத்ததும் விவரம் வந்தது: பெயர் தெரியாத யானை.

பெயர் சொல்லாமல் உள்ளே வருகிறவர்களுக்கு அந்தக் கணினி தன் பாட்டில் ஒரு விலங்கின் பெயரைக் கொடுக்கும் என்பது எனக்குப் பின்னால் தெரிந்த விஷயம். அன்றைக்கு நான் பார்த்தது ஒரு சுழியையும் ஒரு யானையையும். பத்து வயதில் அதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்? உடம்பெல்லாம் புல்லரித்தது. எங்கள் வெந்நீர்க் கட்டுரைக்குப் பிள்ளையாரே வந்திருக்கிறார் என்று பாதி நம்பினேன். மற்றப் பாதி, இத்தனை பிள்ளைகள் இருக்க எங்களிடம் ஏன் வந்தார் என்று யோசித்தது.

மாலையில் அம்மாவிடம் மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். "பிள்ளையாருக்கு வேற வேலையில்லையோ?" என்று அம்மா சிரித்தார். கொஞ்ச நேரம் கழித்து அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "ஆர் போட்டாலும் போட்டதுதானே பிள்ளை, அதை அழிக்கக்கூடாது" என்றார். வந்ததே வினை. வீட்டில் அதை அழிப்பது பாவம், பள்ளிக்கூடத்தில் அதை விட்டுவைப்பது குற்றம். மறுநாள் அதை அழிக்கும் முறை என்னுடையதாக இருந்தது. விசையில் விரலை வைத்துக்கொண்டு கண்ணை மூடி மன்னிப்புக் கேட்டேன், அழுத்தவில்லை. லேனா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது உங்கள் எழுத்துத்தானே?" என்றாள். ஓம் என்று தலையாட்டினேன். என்ன அர்த்தம் என்று கேட்டாள். ஒரு தொடக்கம் என்றேன். எதனுடைய தொடக்கம்? எல்லாவற்றினதும். அப்படியென்றால் நாங்கள் தொடங்கி ஒரு கிழமையாகிறதே, இது ஏன் திரும்பத் திரும்ப வருகிறது என்று யோனாஸ் கேட்டான். நியாயமான கேள்வி.

செய்தி ஆசிரியையிடம் போனது. அவர் என்னைத் தனியே கூப்பிட்டு மிகவும் அன்பாகக் கதைத்தார். அந்த எழுத்து எனக்கு முக்கியம் என்றால் குழுவில் கேட்டுப் போடலாம், ஒளித்துப் போடக்கூடாது என்றார். வெள்ளிக்கிழமை கட்டுரை சுத்தமாக வரவேண்டும், இல்லாவிட்டால் நான் குழுவை விட்டுத் தனியாக எழுத வேண்டியிருக்கும் என்றும் சொன்னார். நான் போடவில்லை என்றேன். அவர் நம்புவதைப்போல ஒரு புன்னகை செய்தார், அது நம்பாதவர்கள் செய்கிற புன்னகை. எனக்கு அழுகை வந்துவிட்டது. பெட்ஸ் போச்சு என்று நினைத்தேன்.

திரும்பி வந்து திரையைப் பார்த்தால் நான்காவது வட்டம் அங்கேயே இருந்தது. இன்றைக்கு யானை இல்லை, ஒட்டகம். பிள்ளையார் முகத்தை மாற்றிவிட்டார். ஒட்டகத்தின் கோடு நான் எழுதிய வசனத்தின் தொடக்கத்தில் நின்று மினுங்கியது. பிறகு ஒவ்வொரு சொல்லாக நகர்ந்தது. யாரோ என் தோளுக்குப் பின்னால் நின்று, விரல் வைத்து வாசிப்பதைப்போல இருந்தது. எனக்குக் கோபம் தலைக்கேறியது. பள்ளிக்கூடக் கணினியில் தமிழ் எழுத்து இல்லாததால் ஆங்கில எழுத்துகளைக் கூட்டி, நீங்கள் ஆர் என்று கட்டுரையின் நடுவிலேயே அடித்தேன்.

கோடு அப்படியே நின்றது. மூவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தோம். பிறகு ஒவ்வொரு எழுத்தாக, அசல் தமிழில் பதில் வந்தது.

நான்தான்.

லேனா என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டாள். தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்குச் சனிக்கிழமைகளில் போகிறவள் என்ற முறையில் எழுத்துக் கூட்டி வாசித்து, 'அது அவர்தானாம்' என்று மொழிபெயர்த்தேன். அவர் என்றால் யார் என்றாள். கதவைத் தட்டிவிட்டு எங்கள் ஆட்கள் எல்லோரும் சொல்கிற பதில் அது, அதைக் கொண்டு ஆளைப் பிடிக்க முடியாது என்பதை அவளுக்கு எப்படி விளக்குவது? ஆனால் ஒன்று நிச்சயமாயிற்று. கடவுள் இப்படிப் பதில் சொல்ல மாட்டார். இது எங்கள் வீட்டுக் குரல்.

அன்று மதியம் வீட்டுக்கு ஓடினேன். அடுப்படி மேசையில் அம்மாவின் பழைய டேப்லட்டை உப்புப் போத்தலில் சாய்த்து வைத்துக்கொண்டு சித்தப்பா இருந்தார். வாய்க்குள் முணுமுணுத்து எங்கள் கட்டுரையை வாசித்துக்கொண்டிருந்தார்.

சித்தப்பா அப்பாவின் தம்பி. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து அகதியாகப் பதிந்துவிட்டு, முடிவு வரும்வரை எங்களோடு இருந்தார். அந்த முடிவு நான் மூன்றாம் வகுப்பில் இருந்தபோதே வந்திருக்க வேண்டியது. அது வராமல் அவருக்கு வேலை கொடுக்கவும் யாரும் துணியவில்லை. தபால்காரர் போகும் நேரம் மட்டும் அவர் யன்னலடியில் நிற்பார். மற்ற நேரத்தில் வீட்டைக் கூட்டுவார், கூட்டிய வீட்டை மறுபடி கூட்டுவார். பெற்றோர் பார்ப்பதற்காக ஆசிரியை அம்மாவுக்கு அனுப்பிய இணைப்பு அந்த டேப்லட்டில் திறந்தே கிடந்திருக்கிறது. யாரும் உள்ளே போகலாம், யாரும் எழுதலாம் என்று அது அமைந்திருந்தது ஆசிரியைக்கே தெரியாது.

"உங்கட ஜெர்மன் எழுத்து எனக்கு விளங்குது பிள்ளை. பேப்பர் விளங்கேல்லை, டிவி விளங்கேல்லை, உது விளங்குது" என்றார் சித்தப்பா, ஏதோ நான் பாராட்ட வந்திருப்பதைப்போல. சுழியைப் பற்றிக் கத்தினேன். "தலைப்புக்கு மேல ஒண்டுமில்லாமல் மொட்டையாக் கிடந்தது. போட்டுவிட்டன். பிறகு பாத்தால் காணேல்லை. சேவ் ஆகேல்லையாக்கும் எண்டு திரும்பப் போட்டன்." வேறு எதையும் தொட்டதில்லை என்று சத்தியம் செய்தார். லேனாவையும் யோனாஸையும் அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. பச்சைப் பிள்ளை கெதியாக எழுதும், மஞ்சள் பெடியன் எழுதி எழுதி அழிப்பான், பாவம், அவனுக்கு உதவி செய் என்றார். அவர் நாள்தோறும் எட்டு மணிக்கே எங்களோடு வகுப்பில் வந்து இருந்திருக்கிறார்.

மறுநாள் ஆசிரியையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சிரிப்பார், தட்டிக்கொடுப்பார் என்று எதிர்பார்த்தேன். அவருடைய முகம் வெளுத்துவிட்டது. பிள்ளைகளின் பக்கத்துக்குள் வெளியாள் ஒருவர் இத்தனை நாளும் இருந்திருக்கிறார் என்பது அவருக்குச் சுழியைவிடப் பெரிய விஷயம். என்னிடம் மன்னிப்புக் கேட்டார், உடனே இணைப்பை மூடினார், எல்லாப் பெற்றோருக்கும் ஓர் அறிவித்தல் அனுப்பினார். எங்கள் கட்டுரைக்கு நல்ல புள்ளி கிடைத்தது. எனக்கு ஒரே நிம்மதி.

வீட்டில் நடந்ததுதான் எனக்குப் புரியவில்லை. அம்மா அறிவித்தலைக் காட்ட, அப்பா வேலை உடுப்போடு நின்றபடியே சித்தப்பாவை ஏசினார். "டேய், முடிவு வாற நேரம் பொலிசு கிலிசு எண்டு வந்தால் என்ன செய்வாய்?" சித்தப்பா விளக்குமாற்றை எடுத்து, கூட்டிய அடுப்படியை மறுபடி கூட்டத் தொடங்கினார். எங்களுடைய வெந்நீருக்கும் அவருடைய முடிவுக்கும் என்ன தொடர்பு என்று கேட்டேன். போய்ப் படி என்றார்கள்.

இரண்டு நாள் கழித்துச் சித்தப்பா என்னை இரகசியமாக அடுப்படிக்குக் கூப்பிட்டார். டேப்லட்டில் எங்கள் பக்கம் திறக்க மறுத்தது. உங்களுக்கு அனுமதி இல்லை என்று பெரிய எழுத்தில் இருந்தது. அந்தச் சொற்களை அவருக்கு மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. கீழே இருந்த பொத்தானைக் காட்டி அது என்ன என்று கேட்டார். அனுமதி கேட்கிற பொத்தான், காரணம் எழுத விரும்பினால் அந்தப் பெட்டிக்குள் எழுதலாம் என்றேன்.

சித்தப்பா பின்னேரம் முழுக்க எழுதினார். அகராதியைப் பார்த்து, ஒற்றை விரலால், அழித்து அழித்து எழுதினார். முடித்ததும் பிழை பார்க்கச் சொல்லி என்னிடம் தந்தார். தன் முழுப் பெயர், பிறந்த திகதி, பிறந்த ஊர், சுவிசுக்குள் வந்த நாள், தன் அகதி வழக்கின் இலக்கம், இதுவரை யாருக்கும் எந்தத் தொந்தரவும் கொடுத்ததில்லை என்ற உறுதிமொழி எல்லாவற்றையும் ஒழுங்காக எழுதியிருந்தார். கடைசியில், மூன்று பிள்ளைகளும் எழுதுவதைத் தொடர்ந்து வாசிக்க மட்டும் அனுமதி தருமாறு பணிவுடன் கேட்டிருந்தார். எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "சித்தப்பா, உது சும்மா பள்ளிக்கூடக் கட்டுரை" என்றேன். அவரும் சிரித்துக்கொண்டு பொத்தானை அழுத்தினார். மறுமொழி வர எவ்வளவு காலம் எடுக்கும் என்று கேட்டார். எனக்கென்ன தெரியும், நாளைக்கே வரும் என்றேன். அவர் என்னைப் பகிடி விடுகிறவளைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

ஆனால் மறுநாளே வந்துவிட்டது. நான் பள்ளிக்கூடத்தால் வந்தபோது சித்தப்பா டேப்லட்டைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றார். ஆசிரியை அவருடைய பெயரைச் சரியாக எழுதி, மரியாதையாக வணக்கம் சொல்லி, இந்தப் பக்கம் மாணவர்களுக்கு மட்டும் உரியது, ஆகவே அனுமதி தர முடியாது, வருந்துகிறேன் என்று எழுதியிருந்தார். நான் அவரைத் தேற்ற வாயெடுத்தேன்.

"ஒரு நாளிலை பதில் போட்டிட்டா பாத்தியே!" என்றார் சித்தப்பா. முகமெல்லாம் சிரிப்பு. அம்மா வந்ததும் அம்மாவுக்குக் காட்டினார். அப்பா வந்ததும், ஏச்சு வாங்கியதை மறந்து அப்பாவுக்கும் வாசித்துக் காட்டினார். "ஒரே நாளிலை அண்ணை! என்ன நல்ல மனுசி!" அப்பா சப்பாத்தைக் கழற்றாமல் கதிரையில் இருந்து அதை நெடுநேரம் பார்த்தார். அம்மா எழுந்து தேத்தண்ணி வைக்கப் போனார். முடியாது என்று எழுதிய ஒருத்தியை இவர் ஏன் இப்படிப் புகழ்கிறார், அதற்கு இவர்கள் இருவரும் ஏன் ஒன்றுமே சொல்லவில்லை என்று எனக்கு விளங்கவில்லை. சித்தப்பாவுக்கு ஜெர்மன் இன்னும் சரியாக விளங்கவில்லை என்று நினைத்துக்கொண்டு, 'முடியாது' என்ற சொல்லின் மேல் விரலை வைத்து, அதன் அர்த்தத்தை அவருக்கு மறுபடியும் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தேன்.