பனிக்கரடியின் கால்கள்

கோல்டு ஸ்டோரேஜில் வேலை பார்ப்பவர்கள் எப்போது வெளியே போகலாம் என்று தவித்துக்கொண்டிருப்பார்கள். அவர் ஒருவர்தான் எப்போது உள்ளே போகலாம் என்று காத்திருப்பார். மீன் பெட்டிகளை அடுக்குவதும் இறக்குவதும் வேலை. மற்றவர்கள் இரண்டு சாக்ஸ், மேலே பூட்ஸ் என்று மாட்டிக்கொண்டும் வெடவெடவென்று நடுங்குவார்கள். அவர் சாக்ஸே இல்லாமல், பூட்ஸின் பக்கவாட்டில் ஓட்டை போட்டுக்கொண்டு நிம்மதியாக நடமாடுவார். வேலை முடிந்ததும் அந்தப் பூட்ஸைப் பெட்டிகளுக்குப் பின்னால் ஒளித்துவைத்துவிட்டுப் போவார். காலையில் அது கல்லாட்டம் உறைந்து கிடக்கும். அதற்குள் காலை விடுகிற அந்த நொடிக்காகத்தான் அவருக்குப் பொழுதே விடியும்.

"அண்ணே, நீங்க மனுஷனே இல்ல, பனிக்கரடி," என்றான் ஒருநாள் வண்டி ஓட்டுகிறவன். பெயர் ஒட்டிக்கொண்டது. அவரும் சிரித்துவைத்தார். சும்மா இருக்கிற கால் எரிகிறது என்று சொன்னால் எவன் நம்புவான்?

எரிச்சல் என்றால் அப்படி இப்படி எரிச்சல் இல்லை. கொஞ்ச தூரம் நடந்தால், போர்வை மேலே பட்டால் போதும், இரண்டு பாதமும் சிவந்து வீங்கி, அடுப்பில் வைத்த மாதிரி எரியும். சின்ன வயதிலேயே ஆரம்பித்துவிட்டது. அவருடைய அப்பாவுக்கும் இருந்தது. பாவம், அந்த மனிதர் வாளித் தண்ணீருக்குள் காலை விட்டபடியே ஆயுளை ஓட்டினார். உடம்பு வணங்காத சோம்பேறி என்று சொந்தக்காரர்களிடமெல்லாம் பேச்சு வாங்கியே செத்தும் போனார்.

மகனுடைய காலைப் பார்த்த டாக்டர்களில் ஒருத்தர் சர்க்கரை என்றார், ஒருத்தர் மனப்பிரமை என்றார். கடைசியில் பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மாதான் ரத்தம் எடுத்து ஜீன் சோதனைக்கு அனுப்பினார். முடிவு வந்ததும் கூப்பிட்டுச் சொன்னார்:

"வலியை உணர்ற நரம்புல குட்டிக் குட்டிக் கதவு மாதிரி இருக்கும். அது தொறந்து சோடியம் உள்ள போனாத்தான் வலிங்கிற சேதி மூளைக்குக் கிளம்பும். அந்தக் கதவை எப்படிச் செய்யணும்னு சொல்ற ஜீன்ல உங்களுக்கு ஒரே ஒரு எழுத்து மாறியிருக்கு. அதனால ஒண்ணுமில்லாததுக்கெல்லாம் தொறந்துக்குது, மூடவும் லேட்டாகுது. உங்களுக்கு நெஜமாவே வலிக்குதுங்க. கற்பனை இல்ல."

அந்த ஒரு வார்த்தைக்கு அவர் குலுங்கிக் குலுங்கி அழுதார். அழுது முடிப்பதற்குள் மீதியும் வந்துவிட்டது. மாத்திரை சிலருக்குக் கேட்கும், சிலருக்குக் கேட்காது. ஐஸ் பக்கமே போகக் கூடாது, தோல் செத்துப் புண்ணாகிவிடும். பிள்ளைகளுக்கும் இது வர பாதிக்குப் பாதி வாய்ப்பு இருக்கிறது.

மாத்திரை அவருக்குக் கேட்கவில்லை. விரலிடுக்கில் ஏற்கெனவே புண் இருந்தது. வேலையை விட முடியாது, வீட்டிலாவது ஐஸ் கூடாது என்று மனைவி சத்தியம் வாங்கிக்கொண்டாள். அன்றிலிருந்து அவரும் மனைவியும் ஃப்ரீசர் கதவைத் திறக்கவில்லை.

அவர்களுக்கு ஒரே மகள். அப்போது ஏழு வயது.

"பாப்பாவுக்கும் அந்த டெஸ்ட்டை எடுத்துடலாங்க," என்றாள் மனைவி.

"தெரிஞ்சு என்னத்தக் கிழிக்கப் போறோம்? அவளுக்கும் இருக்குன்னு மட்டும் தெரிஞ்சுது, நான் செத்தே போயிருவேன்."

பக்கத்து அறையில் மகள் படம் வரைந்துகொண்டிருந்தாள்.

டெஸ்ட் எடுக்கவில்லை. அதற்குப் பதிலாக அவர் மகளின் காலையே கவனிக்க ஆரம்பித்தார். அவள் வெறுங்காலோடு தரையில் நின்றாலே, குளிர்ச்சிக்காகத்தானோ என்று ஓடிப்போய்ப் பார்ப்பார். ஆனால் பெண் அவர் வயிற்றில் பாலை வார்த்தாள். பள்ளிக்கூடம் விட்டு வந்தும் சாக்ஸைக் கழற்ற மாட்டாள். படுக்கும்போதும் சாக்ஸ்தான்; எரிகிற கால் சாக்ஸைத் தாங்குமா என்ன? இப்படியே இரண்டு வருஷம் ஓடியது.

"பாத்தியா, எம்பொண்ணு தப்பிச்சிட்டா," என்று மனைவியிடம் மார்தட்டிக்கொள்வார். மனுஷனுக்கு அதிலாவது ஒரு சந்தோஷம் வேண்டாமா?

ஒரு விடுமுறை நாள், மனைவி கடைக்குப் போயிருந்தாள், மகள் பக்கத்து வீட்டில் விளையாடப் போயிருந்தாள். எரிச்சல் உயிரை எடுத்தது. சத்தியமாவது ஒன்றாவது என்று அவர் ஃப்ரீசரைத் திறந்தார். ஐஸ் தட்டுக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் பை இருந்தது. உள்ளே, தண்ணீரில் நனைத்துச் சுருட்டிவைத்த குட்டி சாக்ஸ்கள். கல்லாட்டம் உறைந்து கிடந்தன.

அவர் தன் பூட்ஸைப் பற்றி வீட்டில் ஒருநாளும் வாய் திறந்ததில்லை. அவளாகவே கண்டுபிடித்திருக்கிறாள். அவருக்கு வேறெந்த டெஸ்ட்டும் தேவைப்படவில்லை. தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

மகள் வந்து பார்த்தபோது பை அவர் மடியில் இருந்தது, சாக்ஸில் ஐஸ் பாதி உருகியிருந்தது. அவள் முகம் வெளுத்துப் போனது.

"எப்பலேருந்து கண்ணு?"

அவள் அவர் முகத்தையே பார்த்தாள். "இப்ப உனக்குத் தெரிஞ்சிடுச்சே... நீ செத்துப் போயிருவியாப்பா?" என்று கேட்டாள்.

எந்தப் பாவி வாயால் அன்றைக்கு அதைச் சொன்னோம் என்று அவருக்கு நெஞ்சு வெடித்தது. அவளை இழுத்து அணைத்துக்கொண்டார். எதைச் சொல்லித் தேற்றுவது? இந்த எரிச்சல் எப்படி வளரும், எத்தனை வருஷம் வரும் என்று அவரைவிட யாருக்குத் தெரியும்?

"இல்லடா. சாக மாட்டேன்," என்றார்.

"சத்தியமா?"

"சத்தியமா."

அவள் குனிந்து தன் கால்களைப் பார்த்தாள்.

"அப்ப நான் சாக்ஸைக் கழட்டிக்கட்டுமாப்பா?"