திண்டிவனம் ஸ்டேஷனில் ஒரு நூல் ஊர்

திண்டிவனம் ஸ்டேஷன் பெஞ்சில் என் பக்கத்தில் ஒரு ஊரே விரிந்து கிடக்கிறது. அத்தனையும் துணியும் நூலும்தான். சாம்பல் துணியைக் கசக்கி மடித்துத் தைத்த பாறைமலை, பச்சைப் பட்டுநூலில் நாற்று, ஓரத்தில் சாக்கு நாரைப் பிரித்து வேய்ந்த குடிசைகள். தொட்டால் கூரை விரலில் குத்துகிறது. செய்தவள் ரோசம்மா, வயல் கூலிக்காரி, தையலைக் கன்னியர் மடத்தில் கற்றவள். செய்யச் சொன்ன பண்ணையார், ரயிலில் வரும் கலெக்டர் துரைக்கு இதைப் பரிசாகக் கொடுக்கக் காத்திருக்கிறார்.

குனிந்து பார்த்தவரின் முகம் சுருங்குகிறது. "இன்னாடி இது, சேரியையும் தச்சிக்கினு வந்திருக்கே? ஜல்தியா பிரிச்சிப் போடு."

"அதுல எங்க வூடும் இருக்குதுங்க, ஆண்டே."

"அதுக்குத்தான் சொல்றேன்."

"ஊர்னு இருந்தா சேரியும் இருக்கும்னு சொல்லுவாங்களேங்க?" என்று கேட்டே விடுகிறேன்.

"பழமொழியெல்லாம் தொரைக்குத் தெரியாதுய்யா."

ரோசம்மா ஊசியால் நெம்பிக் கூரைகளை ஒவ்வொன்றாகப் பிடுங்குகிறாள், தன் வீட்டைக் கடைசியாக. ரயிலுக்குக் கைகாட்டி இறங்கிவிட்டது. ஆனால் ஊசி நிற்கவில்லை. பச்சை நூலுக்குப் போகிறது. நாற்று வரிசை வரிசையாகக் கழன்று வருகிறது.

"அடிப்பாவி! பயிரை ஏண்டி புடுங்கறே?" பண்ணையார் அலறுகிறார்.

அவள் தலை நிமிரவில்லை. "நட்டவங்க வூடே இல்லியேங்க, ஆண்டே. அப்புறம் நாத்து எப்பிடி வந்துச்சுன்னு தொரை கேட்க மாட்டாருங்களா?"

ரயில் உள்ளே நுழைகிறது. துணியில் வெறும் பாறைதான் மிச்சம்.