அனார்குல் எழுதிய பணிவான கடிதங்கள்

அனார்குல் எஷிமோவா பதினோரு வருஷமாக உலகத்துக் கொடுங்கோலர்களுக்கெல்லாம் மரியாதையாகக் கடிதம் எழுதிவந்தாள். பிஷ்கெக் நகரத்தில், பல் வைத்தியருக்கும் மீன் கடைக்கும் நடுவே, தரைத்தளத்து இரண்டு அறை வீட்டில் இருந்தது ‘திறந்த கதவு’ என்னும் உலக மனித உரிமை இயக்கத்தின் கிர்கிஸ் கிளை. கதவு எப்போதும் சாத்தியே இருக்கும். திறந்தால் மீன் வாடை.

வேலை எளிது. மாதத்துக்கு ஒரு முறை தலைமையகத்திலிருந்து பட்டியல் வரும். எந்த நாட்டில், எந்தக் கைதி, யாருக்கு எழுத வேண்டும். ஆங்கிலத்தில், ஒரு பக்கத்துக்கு மேல் போகக்கூடாது, திட்டக்கூடாது, மிரட்டக்கூடாது, அரசியல் பேசக்கூடாது. ‘மாண்புமிகு’வில் தொடங்கி ‘தங்கள் மேலான கவனத்துக்கு’ வழியாகப் போய் ‘பணிவன்புடன்’ என்று முடியும். சோவியத் காலத்தில் ஓர் அமைச்சகத்தில் தட்டச்சராக இருந்தவள் அனார்குல். மனதுக்குள் காறித் துப்பிக்கொண்டே கை நிறைய மரியாதை எழுதுவது அவளுக்குப் புதிதல்ல. பதில் ஒரே ஒரு முறை வந்தது. ஏதோ ஒரு தீவின் அதிபர் மாளிகை, முகவரி தவறு என்று திருப்பி அனுப்பியிருந்தது.

கிளையின் இயக்குநர் உலுக்பெக்குக்கு முப்பத்தாறு வயது. எட்டு மாதம் வெளிநாட்டில் படித்துவிட்டு, மீதி ஆயுளை அந்த எட்டு மாதத்தைப் பற்றிப் பேசுவதற்கென்று ஒதுக்கிவைத்தவர். ஒரு நாள் அவர் கேக் வாங்கி வந்தார். கிளை நான்கு வருஷமாகக் கடிதம் எழுதிய ஒரு தென்னமெரிக்கப் பள்ளி ஆசிரியர் விடுதலையாகிவிட்டாராம்.

“தம்பி, அந்த ஆளுக்கு எத்தனை வருஷம் போட்டிருந்தாங்க?” என்றாள் அனார்குல்.

“ஒன்பது வருஷம்க்கா.”

“எத்தனை வருஷம் உள்ள இருந்தாரு?”

“ஒன்பது.”

“அப்போ நாம என்ன பண்ணினோம்?”

“பத்தாவது வருஷம் இருக்கலையே அக்கா” என்றார் உலுக்பெக். ஆண்டறிக்கையிலும் அதையேதான் எழுதினார், கொஞ்சம் நீளமாக.

அவள் இரண்டு துண்டு கேக் சாப்பிட்டாள். இயக்கத்தின் மேல் அவளுக்கு மதிப்பு இல்லையே தவிர, கேக் மேல் எந்த வருத்தமும் கிடையாது.

அந்த அக்டோபரில் அவள் தம்பி சாகினைப் பிடித்துக்கொண்டு போனார்கள். சாகின், சாரி-தெரெக் மாவட்டத்தில் பேருந்து ஓட்டுபவன். பள்ளிக்கூடத்துக்கு வந்த செங்கல் எல்லாம் மாவட்டத் தலைவரின் புது வீட்டில் ஏறிக்கொண்டிருந்ததைக் கைபேசியில் படம் எடுத்து ஊருக்கே காட்டிவிட்டான். பொது அமைதியைக் குலைத்ததாக வழக்கு. தீர்ப்பு வந்தால் மூன்று வருஷம். சின்ன வயதில் காசநோய் வந்து போன நுரையீரல் அவனுக்கு. சிறையில் ஒரு குளிர்காலத்தைத் தாண்டினாலே பெரிது.

முதன்முறையாக அனார்குல் இயக்குநரின் அறைக் கதவைத் தட்டிவிட்டு உள்ளே போனாள். உலுக்பெக் முழுவதையும் கேட்டார், முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டார், பிறகு விதிப்புத்தகத்தை எடுத்தார்.

“அக்கா, எந்தக் கிளையும் சொந்த நாட்டு வழக்கைத் தொடக்கூடாது. நாலாவது விதி. பக்கச்சார்பு வந்துரும் பாருங்க.”

“அப்போ அந்தத் தென்னமெரிக்கா வாத்தியாருக்கு மட்டும் எழுதினோமே?”

“அவரு நமக்குத் தூரம்க்கா.”

“ரொம்ப வசதியான தூரம்தான்” என்றாள் அவள்.

ஆனாலும் விஷயம் கிளையின் நிர்வாகக் குழுவுக்குப் போனது. ஏழு பேர் தேநீரும் பொரித்த மாவுத் துண்டும் வைத்துக்கொண்டு இரண்டரை மணி நேரம் விவாதித்தார்கள். கவலை தெரிவிப்பதா, ஆழ்ந்த கவலை தெரிவிப்பதா? வாக்கெடுப்பில் வெறும் கவலை நான்குக்கு மூன்று என்று ஜெயித்தது. அதற்குள் குழுவின் வக்கீல் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்து, சொந்த நாட்டைப் பற்றிக் கவலைப்படுவதே விதிமீறல் என்று கண்டுபிடித்தார். எனவே அவரவர் வீட்டுக்குப் போய்த் தனித்தனியாகக் கவலைப்படுவது என்று ஒருமனதாகத் தீர்மானித்தார்கள்.

மிச்சமிருந்த வழி ஒன்றுதான். பதினெட்டுப் பக்கப் படிவத்தை நிரப்பித் தலைமையகத்துக்கு அனுப்புவது. அவர்கள் சரிபார்த்து வேறு நாட்டுக் கிளை எதற்காவது கொடுப்பார்கள். ‘கைதியுடன் உங்களுக்குள்ள உறவு’ என்ற இடத்தில் அவள் தம்பி என்று எழுதப் போனாள். உலுக்பெக் தடுத்து, ‘அறிமுகம் உண்டு’ என்று எழுதவைத்தார்.

பிப்ரவரி வந்தது. அவள் வாரம் ஒரு முறை பலர் சேர்ந்து போகும் வாடகை வண்டியில் நான்கு மணி நேரம் போய், காவல் சிறை வாசலில் கம்பளிச் சட்டையும் ரொட்டியும் கொடுத்துவிட்டு வந்தாள். உள்ளேயிருந்து வரும் இருமலை வைத்து அவன் எந்த அறையில் இருக்கிறான் என்று கண்டுபிடிக்கப் பழகியிருந்தாள்.

அப்படிப்பட்ட ஒரு வாரத்தில் கிளைக்கு ஓர் ஆள் சாக்குமூட்டையோடு வந்தான். சாரி-தெரெக் அரசு வழக்கறிஞர் அலுவலகத்து எழுத்தர், பெயர் பெய்ஷென். மூட்டையை அவிழ்த்தான். இயக்கத்தின் பின்லாந்துக் கிளையிலிருந்து, சாகினை விடச் சொல்லி, நூற்று முப்பத்தேழு கடிதங்கள்.

“எல்லாம் இங்கிலீஷ்ல இருக்குங்க. வந்த கடிதத்தைப் பதிவு பண்ணி, மொழிபெயர்த்து, பதினாலு நாளைக்குள்ள பதில் போடணும். சட்டம். இல்லைன்னா ஐயாவுக்கு நோட்டீஸ் வந்துரும்.”

“உங்க ஊர்ல இங்கிலீஷ் தெரிஞ்சவங்க இல்லையா?” என்றார் உலுக்பெக்.

“ஒரே ஒரு டீச்சரம்மா இருக்காங்க. அவங்க அந்தக் கைதியோட பொண்டாட்டி. அவங்ககிட்ட எப்படிக் கொண்டுபோய் நீட்டுறது? நீங்கதான் சும்மா செஞ்சு தருவீங்கன்னு சொன்னாங்க.”

உலுக்பெக் விதிப்புத்தகத்தைப் பார்த்தார். மொழிபெயர்ப்பைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. அரசு அலுவலகங்களுடன் நல்லுறவு வளர்ப்பதோ மூன்றாண்டுத் திட்டத்திலேயே இருந்தது. மூட்டை அனார்குலின் மேசைக்கு வந்தது. அவள் புருஷன் வீட்டுப் பெயரில் இருந்ததால், அவள் யாரென்று பெய்ஷெனுக்குத் தெரியவில்லை. அவளும் சொல்லவில்லை.

அவன் பேனாவோடு எதிரே உட்கார, அவள் கடிதத்தைப் பிரித்து வாசித்துச் சொன்னாள். மாண்புமிகு அரசு வழக்கறிஞர் அவர்களே. தங்கள் மேலான கவனத்துக்கு. பன்னாட்டு உடன்படிக்கையின் பத்தொன்பதாவது பிரிவின்படி. பணிவன்புடன். அடுத்ததும் அதுவே. அதற்கடுத்ததும். பதினோரு வருஷமாக அவள் எழுதிக்கொண்டிருந்த அதே வாக்கியங்கள், யாரோ முன்பின் தெரியாத நல்லவர்களின் கையெழுத்தில். நாலாவது கடிதத்தில் பெய்ஷென் கொட்டாவி விட்டான். ஒன்பதாவதில் காது குடைந்தான். தன் கடிதங்கள் போய்ச் சேர்ந்த ஊர்களிலெல்லாம் என்ன நடந்திருக்கும் என்று அப்போது அவளுக்கு முழுசாகத் தெரிந்துபோனது. எந்தக் கொடுங்கோலன்மேலும் வராத ஆத்திரம் அந்தப் ‘பணிவன்புடன்’மேல் வந்தது.

பதினேழாவது கடிதம் ஹில்க்கா என்ற எழுபத்து நான்கு வயது அம்மாளுடையது. சட்டப்பிரிவெல்லாம் எழுதிவிட்டு, கடைசியில் ஆசையாக ஒரு வரி சேர்த்திருந்தாள்: உங்கள் நாட்டு மலைகள் அழகு என்கிறார்கள், என்றாவது நேரில் வந்து பார்க்க வேண்டும்.

பெய்ஷென் பேனாவைக் கீழே வைத்தான்.

“வர்றாங்களா?”

அனார்குல் கடிதத்தைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். “அப்படித்தான் போட்டிருக்கு.”

“எங்க ஊருக்கா?”

“ஐயாவுக்குத்தானே எழுதியிருக்காங்க. ஐயா ஊருக்குத்தான் வருவாங்க.”

“விசா குடுக்காம விட்டா?”

“சுற்றுலா வளரணும்னு விசாவையே எடுத்தாச்சே. யார் வேணா வரலாம்.”

அவன் முகம் ஒரு மாதிரி ஆனது. “மத்தவங்க?”

மத்தவர்கள் நூற்று இருபது பேரும் பதினெட்டாவது கடிதத்திலிருந்து வர ஆரம்பித்தார்கள். சிலர் மே மாதம், சிலர் ஜூன். சிலர் பேரப்பிள்ளைகளோடு. முதல் பதினாறு கடிதத்திலும் ஏதோ விட்டுப்போயிற்று என்று அவள் மறுபடி எடுத்துப் பார்த்தபோது, அவர்களும் வருவதாக இருந்தார்கள். எல்லோரும் தங்க இடம் பார்த்துவைக்கும்படி அரசு வழக்கறிஞரைப் பணிவன்புடன் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தச் சொல் அன்றைக்குத்தான் முதன்முதலாக ஒரு வேலை செய்தது.

மறுநாள் சாரி-தெரெக்கிலிருந்து அரசு வழக்கறிஞரே தொலைபேசியில் வந்தார்.

“மொழிபெயர்ப்புக்கார அம்மாவா? இந்த ஆட்கள் எல்லாருக்கும் என்ன வயசும்மா இருக்கும்?”

“கடிதத்துல பார்த்தா எல்லாரும் எழுபதைத் தாண்டினவங்கதான்.”

அங்கேதான் கிர்கிஸ் வழக்கம் குறுக்கே வந்தது. விருந்தாளி வந்தால் ஆடு அடித்தாக வேண்டும். ஆட்டுத் தலையை வயதில் மூத்தவர் முன்னால் வைத்தாக வேண்டும்.

“தலையை யாருக்கும்மா வைக்கிறது? ஒருத்தருக்கு வச்சா மத்த நூத்தி முப்பத்தாறு பேருக்கும் அவமானம் இல்லையா?”

“தனித்தனியா அடிச்சிட வேண்டியதுதான்.”

“நூத்தி முப்பத்தேழு ஆடா? என் மாவட்டத்துல கழிப்பறை இருக்கிற விடுதியே ஒண்ணுதான். பள்ளிக்கூடத்துல தங்கவைக்கலாம்னா அங்க ஒரு பக்கம் சுவரே இல்லை.”

“ஏன் இல்லையாம்?” என்றாள் அனார்குல்.

அவர் பேச்சை மாற்றினார். குரலைத் தாழ்த்தி, “அவங்களுக்கு என்னதான் வேணுமாம்?” என்றார்.

“அதான் நூத்தி முப்பத்தேழு தடவை எழுதியிருக்காங்களே ஐயா. அந்த டிரைவர்.”

வியாழக்கிழமை போதிய சாட்சியம் இல்லையென்று வழக்கு மூடப்பட்டது. நீதி இவ்வளவு வேகமாக நடந்ததை அந்த மாவட்டம் அதற்குமுன் கண்டதில்லை. ‘சாகின் வீட்டுக்குப் போய்விட்டான், தாங்கள் சிரமப்பட்டு வரவேண்டாம்’ என்று அரசு வழக்கறிஞர் எழுதிய பதிலை அனார்குல் ஓர் எழுத்துப் பிசகாமல் ஆங்கிலத்தில் ஆக்கி, நூற்று முப்பத்தேழு படிகள் அனுப்பினாள்.

உலுக்பெக்குக்கு வயிறு எரிந்தது. கிளையின் சரித்திரத்திலேயே உண்மையாக ஒருவன் வெளியே வந்திருக்கிறான், சொல்லிக்கொள்ள நாலாவது விதி விடவில்லை. வெற்றி முழுவதும் பின்லாந்தின் ஆண்டறிக்கைக்குப் போயிற்று.

“அக்கா, தலைமையகத்துக்கு ஒரு வரி எழுதிப் போடுங்க. இந்த விடுதலையில எங்க கிளைக்கு எந்தப் பங்கும் இல்லைன்னு.”

“தாராளமா” என்றாள் அவள். பதினோரு வருஷத்தில் கிளைக்காக அவள் இவ்வளவு மனமொப்பி எதையும் தட்டியதில்லை.

ஞாயிற்றுக்கிழமை சாரி-தெரெக் போனாள். சாகின் அடுப்பருகே போர்வையைச் சுற்றிக்கொண்டு நூடுல்ஸ் சூப் குடித்துக்கொண்டிருந்தான். பத்துக் கிலோ இறங்கியிருந்தான். வாய் மட்டும் இறங்கவில்லை.

“நாலு மாசமா உள்ள கிடந்தேன். மனித உரிமை ஆபீஸ்ல இருக்கிறேன் இருக்கிறேன்னு சொல்லுவியே, நீ என்னக்கா கிழிச்ச?”

“மொழிபெயர்த்தேன்.”

“அதுக்கா உனக்குச் சம்பளம் குடுக்கிறாங்க?”

“ஆமா. கேக்கும் உண்டு.”

அவன் சிரிக்கப் போய் இருமினான். இருமல் அடங்க வெகுநேரம் ஆனது. அவள் தண்ணீர் கொடுத்தாள். குடித்துவிட்டு ஜன்னல் வழியே பள்ளிக்கூடம் இருந்த திசையைப் பார்த்தான்.

“என் போனை அவனுங்க திருப்பித் தரலைக்கா. உன்னோடதுல படம் தெளிவா விழுமா?”

அனார்குல் அவனை நன்றாக முறைத்தாள். பிறகு பையைத் திறந்து கைபேசியை எடுத்து, தலையில் கட்டியிருந்த துணியின் நுனியால் அதன் கேமராக் கண்ணாடியைத் துடைத்து, அவன் கையில் வைத்தாள்.

“முதல்ல சூப்பைக் குடி” என்றாள்.