மச்சாள் அனுப்பிய கோப்பை கழுவும் மெசின்

யுத்தத்தின் கடைசிச் சண்டையில் என் இடது கை முழங்கைக்குக் கீழே போய்விட்டது. சமைக்கப் பழகிக்கொண்டேன். தேங்காய்கூடத் திருவுவேன். சாப்பிட்ட கோப்பை கழுவுவது மட்டும் சரிவரவில்லை. கோப்பையைப் பிடித்தால் தேய்க்கக் கை இல்லை. அதனால் புளியங்குளத்தில் எங்கள் வீட்டில் யார் சாப்பிட்டாலும் என் மனுசன்தான் கிணற்றடியில் குந்தியிருந்து கழுவுவார். அவர் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. எனக்குத்தான் அதைப் பார்க்கப் பார்க்கப் பொறுக்காது.

ஜெர்மனியில் இருக்கும் அவருடைய தங்கச்சி, என் மச்சாள், வீடு மாறியபோது பழைய சாமான்களைக் கப்பலில் அனுப்பினா. அதற்குள் அவ கலியாணம் முடித்த புதிதில் வாங்கிய கோப்பை கழுவும் மெசினும் இருந்தது. நிலவறையில் பல வருசம் சும்மா கிடந்ததாம்.

கரண்டைக் கொடுத்தோம். மெசின் உறுமியது. ஒரு மணித்தியாலம் கழித்துத் திறந்தால் கோப்பைகளில் குழம்பு அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது. வவுனியாவில் இருந்து வந்த மெக்கானிக் பின்பக்கத்தைக் கழற்றிப் பார்த்தார்.

"இதுக்கு இனிச் சாமான் எடுக்கேலாது அக்கா. பழைய இரும்புக்குக் குடுங்கோ."

அவர் போனதும் என் மனுசன் சிரித்தார். "நெல்லு மூட்டை வைக்க நல்ல உயரம்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. போனில் வீடியோ போட்டு மச்சாளைக் கூப்பிட்டேன்.

"உள்ளுக்கை காத்தாடி மாதிரி ஒண்டு சுத்தும். அதிலைதான் தண்ணி சீறும். கழட்டிப் பாருங்கோ மச்சாள்" என்றா.

கழற்றினேன். அதன் ஓட்டைகள் எல்லாம் சுண்ணாம்பு படிந்து கல்லாகி அடைத்திருந்தன. தேசிக்காய் பிழிந்து அந்தப் புளியில் ஊறப்போட்டேன். பிறகு இரண்டு முழங்கால்களுக்கும் இடையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, சாக்குத் தைக்கும் ஊசியால் ஒவ்வொரு ஓட்டையாகக் குத்தினேன். இரண்டு நாள் போனது. எங்கள் கிணற்றுத் தண்ணீரிலும் சுண்ணாம்பு அதிகம் என்பதால், மழைத் தண்ணீர்த் தாங்கியில் இருந்து அவர் குழாய் இழுத்துத் தந்தார்.

மூன்றாம் நாள் காலை பொத்தானை அமத்தினேன். உள்ளே தண்ணீர் சளார் சளார் என்று அடித்தது. நாங்கள் இரண்டு பேரும் அடுப்புக்குப் பக்கத்தில் குசினி நிலத்தில் குந்தியிருந்து முழுக்கக் கேட்டோம். கதவைத் திறந்ததும் ஆவி முகத்தில் அடித்தது. அவர் ஒரு கோப்பையை எடுத்து விரலால் இழுத்துப் பார்த்தார். கிறீச் என்றது.

"உம்மிட்டை நான் தோத்துப் போனன். நெல்லு மூட்டைக்கு வேறை இடம் பாக்கிறன்" என்றார்.

வைகாசியில் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்குப் போய்த் திரும்பிய சொந்தக்காரர் இருபது பேர் எங்கள் வீட்டில் சாப்பிட்டார்கள். கடைசிப் பந்தி எழும்பியதும் அவர் வழக்கம்போல் கோப்பைகளை அடுக்கத் தொடங்கினார்.

"விடுங்கோ. இண்டைக்கு நான் கழுவுறன்."

ஒரு கையால் ஒவ்வொன்றாக மெசினுக்குள் செருகினேன். யாரோ உதவிக்கு வந்தார்கள். வேண்டாம் என்றேன். மெசின் இரண்டு தரம் ஓடவேண்டியிருந்தது. ஒன்றும் உடையவில்லை. கடைசிக் கோப்பையை வெளியே எடுத்தபோது, இத்தனை சனம் பார்த்துக்கொண்டு நிற்குதே என்றும் யோசிக்காமல், வாய்விட்டுச் சிரித்தேன்.