சிசிலியைப் பிரிக்க இரண்டு மேசைகள்

நான் வேலை செய்யும் வீட்டில் சண்டை தொடங்கியது தேர்தல் முடிந்த மறுநாள். அதற்கு முன் அந்த வீட்டில் சண்டைக்கு நேரம் இருந்ததில்லை. வீட்டுக்காரரான சின்யோர் சிசிலியின் பலேர்மோ துறைமுகத்தில் சரக்குக் கணக்குப் பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் மனைவி சின்யோரா பள்ளிக்கூடத்தில் படிப்பித்து ஓய்வு பெற்றவர். இரண்டு பேருக்கும் மருந்து குடிப்பதிலேயே பொழுது போய்விடும். முழு இத்தாலிக்குமான தேர்தலில் சின்யோராவின் கட்சி வென்றது, சின்யோரின் கட்சி தோற்றது. காலையில் நான் கதவைத் திறந்து உள்ளே போனபோது அவர் முன்னறையில் தனியாகக் கோப்பி குடித்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி குசினியில் தனியாகக் குடித்துக்கொண்டிருந்தார். நடுவில் நான் வீடு கூட்டும் தும்புத்தடியோடு நின்றேன்.

"மருந்து மேசையில் இருக்கிறது என்று அந்த மனிதரிடம் சொல்லு," என்றார் சின்யோரா.

"ரோம் அனுப்பும் மருந்து எனக்கு வேண்டாம் என்று அவளிடம் சொல்லு," என்றார் சின்யோர்.

அந்த மருந்தை முதல் நாள் கீழே இருக்கும் மருந்துக்கடையில் வாங்கி வந்தது நான். அதைச் சொல்லவில்லை. வீட்டு வேலைக்குப் போகிறவள் எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டிருந்தால் அவளுக்கு வேலை இருக்காது.

யாருக்கு வாக்குப் போட்டாய் என்று என்னையும் தனித்தனியே கேட்டார்கள். குடியுரிமை கிடைத்தபின் நான் போட்ட முதல் வாக்கு அது. "உங்களுக்குப் பிடித்த ஆளுக்குத்தான்," என்று இரண்டு பேருக்கும் சொன்னேன். முழுப் பொய் என்று சொல்ல முடியாது, ஒருவருக்கு அது உண்மை.

நாளாக நாளாகச் சின்யோருக்குக் கோபம் ஆறும் என்று நினைத்தேன். ஆறவில்லை, வளர்ந்தது. முன்னறை அவருடையது என்று ஆனது. குசினியும் படுக்கையறையும் சின்யோராவுடையவை. குளியலறை பொதுவாக இருந்தது. தொலைக்காட்சி முன்னறையில் அகப்பட்டுக்கொண்டதால் சின்யோரா தன் தொடர்களைப் பார்க்க முடியாமல் போனது. அவர் அதைப் பற்றி ஒரு சொல் பேசவில்லை. ஆனால் சமையலில் உப்பு கூடியது.

குளிர் முடியும் காலத்தில் சின்யோர் ஒரு கட்டுத் தாளோடு வந்தார். சிசிலி இத்தாலியை விட்டுத் தனியாகப் போகவேண்டும், அதற்குக் கையெழுத்துச் சேர்க்கப்போகிறேன் என்றார். அவரோடு கோப்பிக்கடையில் சீட்டு விளையாடும் இன்னும் சில கிழவர்களும் சேர்ந்திருந்தார்கள். தாளை என்னிடம் நீட்டினார்.

இத்தாலிக் குடியரசுக்கு விசுவாசமாக இருப்பேன் என்று நகரசபையில் நின்று சத்தியம் செய்து எனக்கு ஓராண்டும் ஆகவில்லை. அப்போது எடுத்த படத்தைச் சட்டம் போட்டு வீட்டில் மாட்டியிருக்கிறேன்.

"எங்கள் ஊரில் இப்படியொரு தாளில் கையெழுத்து வைத்தால் வீட்டு வாசலுக்கு ஜீப் வரும்," என்றேன்.

"இங்கே யாரும் வரமாட்டார்கள். வாசிக்கக்கூட மாட்டார்கள்," என்றார் சின்யோர். அதைச் சொல்லும்போது அவர் முகம் வாடித்தான் போயிருந்தது. பிறகு, "உங்கள் ஆட்களுக்கு இது விளங்கும்," என்றார்.

விளங்காமல் என்ன. தனி நாடு கேட்ட ஆட்கள் நாங்கள். நாடு கிடைக்கவில்லை. போர் முடிந்த பிறகு கையில் மிச்சமிருந்ததைப் பிரித்துக்கொண்டோம். பலேர்மோவில் எங்களிடம் மிச்சமிருந்தது ஒரு வாடகை மண்டபம். அது இரண்டு மண்டபமானது, இரண்டு நிர்வாகமானது, பிள்ளைகளுக்கு இரண்டு தமிழ்ப் பள்ளிக்கூடமானது. கார்த்திகை மாதத்தில் இறந்தவர்களை நினைக்கும் நாளில் ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் விளக்கு ஏற்றுவோம். பல்லரோச் சந்தைக்குப் பக்கத்தில் எங்கள் ஆள் ஒருத்தி வைத்திருக்கும் கடையில்தான் இரு பக்கமும் சாமான் வாங்குகிறோம். மிளகாய்த்தூள் மட்டும் இன்னும் பிரியவில்லை.

நான் ஒரு மண்டபம், என் அண்ணை மற்ற மண்டபம். எங்களுக்கு ஒரு தம்பி இருந்தான். இயக்கத்துக்குப் போனான், திரும்பி வரவில்லை. அவனுடைய ஒரே படத்தைப் பிரதி எடுத்து இரண்டு மண்டபத்திலும் மாலை போட்டு வைத்திருக்கிறார்கள். என்னைப் பலேர்மோவுக்கு எடுப்பித்தது அண்ணைதான். இந்த வீட்டு வேலையைப் பிடித்துத் தந்ததும் அவர்தான். மண்டபம் பிரிந்தபோது எங்கள் பக்கத்தைத் துரோகிகள் என்று அவர் சொன்னார். அவருடைய பக்கத்தைக் கள்ளர் என்று நான் சொன்னேன். அதற்குப் பிறகு நாங்கள் கதைக்கவில்லை. பஸ்ஸில் அவரைப் போல ஒரு முதுகைக் கண்டால் நான் அடுத்த தரிப்பில் இறங்கிவிடுவேன்.

கதைக்க ஆசை இல்லாமல் இல்லை. ஒவ்வொரு நாளும் இருந்தது. ஆனால் முதலில் அவர்தான் கதைக்கவேண்டும் என்றும் இருந்தது. அவருக்கும் அப்படியே இருந்திருக்கும், ஒரே வயிற்றில் பிறந்த பிள்ளைகள்தானே.

சின்யோரின் தாளைப் பார்த்தபோது எனக்கு ஒரு யோசனை வந்தது. பிரிந்து போவதற்குக் கையெழுத்து என்றால் அண்ணை வராமல் இருக்கமாட்டார். பூனைகள் நாய்களிடமிருந்து பிரியக் கேட்டாலும் முதல் ஆளாக வந்து நிற்பார். மேசையடியில் நான் நிற்பேன். பேனையை நீட்டுவேன். பேனையை நீட்டுவது முதலில் கதைப்பது ஆகாது.

எங்கள் மண்டபத்தில் விஷயத்தைச் சொன்னேன். "சிசிலி பிரியுதோ? நல்லது. எங்கை வைக்கவேணும்?" என்று கேட்டார் எங்கள் தலைவர். ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை. மற்ற மண்டபத்துக்குக் கேட்கட்டும் என்று மிளகாய்த்தூள் கடையிலும் சத்தமாகச் சொல்லிவிட்டு வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை சந்தைக்குப் பக்கத்துச் சதுக்கத்தில் சின்யோரும் கிழவர்களும் ஒரு மேசை போட்டு உட்கார்ந்தார்கள். எங்கள் ஆட்கள் வெறுங்கையோடு ஓரிடத்துக்கும் வரமாட்டார்கள். தேநீர்ப் போத்தல்கள் வந்தன, தட்டுத் தட்டாக ரோல்ஸ் வந்தது, வெயிலுக்கு ஒரு பந்தல் வந்தது. ஒலிபெருக்கியும் வந்திருக்கும், நான்தான் தடுத்தேன். வரிசையாக நின்று கையெழுத்து வைத்தார்கள். விரலில் மை பூச மாட்டீர்களா என்று ஒரு அம்மா சின்யோரைக் கேட்டார். அவர்களில் முக்கால்வாசிப் பேர் பெர்மெஸ்ஸோ என்ற தங்கும் அனுமதியில் இருப்பவர்கள், குடியுரிமை இல்லாததால் அந்தக் கையெழுத்து எதற்கும் செல்லாது. சின்யோருக்கும் அது தெரியும். ஆனால் மனிதர் இத்தனை பேரை வாழ்நாளில் தன் பக்கம் பார்த்ததில்லை. அவர் கண் கலங்கியிருந்தது.

பிறகு மற்ற மண்டபத்து ஆட்கள் வந்தார்கள். கையெழுத்து வைக்கத்தான் வந்தார்கள், ஆனால் எங்கள் தலைவர் நிற்கும் மேசையில் வைக்கமாட்டார்கள். மடிக்கும் மேசை ஒன்றைக் கையோடு கொண்டுவந்திருந்தார்கள். நாலு முழம் தள்ளி அதை விரித்து, சின்யோரின் தாளில் பாதியைக் கேட்டு வாங்கி, தங்கள் ரோல்ஸையும் பரப்பினார்கள்.

"கோரிக்கை ஒன்றுதானே?" என்று சின்யோர் என்னைக் கேட்டார்.

"ஒன்றுதான்."

"பிறகு ஏன் இரண்டு மேசை?"

"அது எங்கள் வழக்கம், சின்யோர்."

சிசிலிக்காரர் வந்தார்கள், பார்த்தார்கள். தமிழர்களின் ஏதோ திருவிழா என்று நினைத்து ரோல்ஸ் என்ன விலை என்று கேட்டார்கள். சும்மா என்றதும் சாப்பிட்டார்கள். அவர்களில் கையெழுத்து வைத்தவர்கள் சொற்பம். "சிசிலி பிரிந்தால் நீங்கள் எங்கே போவீர்கள்?" என்று ஒருவர் எங்கள் தலைவரைக் கேட்டார். "நாங்கள் இங்கேதான் இருப்போம். நீங்கள்தான் பிரிகிறீர்கள்," என்று தலைவர் பதில் சொன்னார். வந்தவர் இன்னொரு ரோல்ஸை எடுத்துக்கொண்டு போனார். சின்யோரா தெருவின் மறுபக்கம் வந்து நின்று, சின்யோரின் தொப்பியை என் கையில் கொடுத்து, வெயில் இத்தாலியின் வெயில் என்று அந்த மனிதரிடம் சொல்லு என்றார். சின்யோர் தொப்பியைப் போட்டுக்கொண்டார்.

நான் பேனையோடு நின்றேன். மற்ற மேசைக்கு வந்த ஒவ்வொரு முகத்தையும் பார்த்தேன். அண்ணையோடு எப்போதும் திரிகிறவர்கள் எல்லாரும் வந்துவிட்டார்கள், அண்ணையைக் காணவில்லை. ரோல்ஸ் முடிகிற கட்டம் வந்தது. இனிப் பொறுக்க முடியாமல், எங்கள் தலைவர் முறைக்க முறைக்க, அந்த மேசைக்கு நடந்தேன். அங்கே தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த அக்காவிடம் கேட்டேன்.

"அண்ணை வரேல்லையோ?"

அவர் போத்தலைக் கீழே வைத்தார். "அவை குடும்பத்தோடை ஜெர்மனிக்குப் போட்டினமெல்லே. தை மாதமே போட்டினம். உமக்குத் தெரியாதே?"

"தெரியும்," என்றேன். "அங்கத்தை நம்பர்தான் என்னட்டை இல்லை."

அவர் ஒன்றும் கேட்காமல் நம்பரைத் தந்தார். ஒரு ரோல்ஸையும் கையில் வைத்தார். அந்த நேரத்தில் எனக்கு அந்த அக்காவில் வந்த கோபம் கொஞ்சமல்ல. என் அண்ணை போனது அவருக்குத் தெரிந்திருக்கிறது, எனக்குத் தெரியவில்லை. மாசக்கணக்காக யார் யாருடையவோ முதுகைக் கண்டு பஸ்ஸால் இறங்கி நடந்திருக்கிறேன்.

பூட்டியிருந்த மீன்கடைக்குப் பின்னால் போய் நின்று அழைத்தேன்.

"ஆர் கதைக்கிறது?"

"நான்தான்."

அங்கே ஒரு கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. பிறகு, "சாப்பிட்டனியே, பிள்ளை?" என்று கேட்டார்.

"ஓம். ரோல்ஸ்."

"எந்த மண்டபத்து ரோல்ஸ்?"

"உங்கடை."

அவர் சிரித்த மாதிரி இருந்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. "போறதை என்னட்டை ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம்," என்றேன்.

"சொல்ல வந்தனான். கார்த்திகையிலை, விளக்கு ஏத்திற அண்டு உங்கடை மண்டபத்துக்கு வந்தனான். வாசலிலை நிண்டவை உள்ளை விடேல்லை. நீ தம்பியின்ரை படத்துக்குக் கிட்ட நிண்டனீ. கண்ணாடிக் கதவாலை பாத்துக்கொண்டு நிண்டிட்டுப் போட்டன்."

மீன்பெட்டி ஒன்று கவிழ்ந்து கிடந்தது. அதில் உட்கார்ந்து அழுதேன். அவர் போனை வைக்காமல் இருந்தார். அழுது முடிந்ததும் வேறு என்ன கேட்பதென்று தெரியாமல், "அங்கையும் மண்டபம் இருக்கோ?" என்று கேட்டேன்.

"இருக்கு. ரெண்டு."

"எதுக்குப் போறனீங்கள்?"

"ஒண்டுக்கும் போறேல்லை. தம்பியின்ரை படத்தை வீட்டிலை வைச்சிருக்கிறம். நானும் உன்ரை மச்சாளும்தான் பின்னேரத்திலை அதுக்கு விளக்கு ஏத்திறது."

"வாற கார்த்திகைக்கு நான் அங்கை வாறன்," என்றேன்.

"வா," என்றார் அண்ணை. "இஞ்சை வாசலிலை ஒருத்தரும் நிக்கமாட்டினம்."