ஐந்தாவது மிளகுத் தோட்டம்

எங்கள் ஆங்கில ஆசிரியரைப் பற்றிப் பல கதைகள் உலவுவதால், நானே கண்டதையும் கேட்டதையும் மட்டுமே எழுதுகிறேன். மாத்தளையில் சனிக்கிழமைதோறும், பட்டப்பின்படிப்பு மாணவர்களாகிய எங்களுக்கு ஆங்கிலத்தில் ஆய்வுக்கட்டுரை எழுதக் கற்பித்தார். மெலிந்தவர், சட்டையின் கழுத்துப் பொத்தானையும் பூட்டியிருப்பார். ஆய்வுமுறைப் பகுதியை எங்களை வாசிக்கச் சொல்லிக் கண்களை மூடிக்கொள்வார். "வாசிங்க, நீங்க போன வழியில நானும் நடந்து பாக்கிறேன்," என்பார்.

பல்லேகமவில் ஐந்து தோட்டங்களில் மிளகு இலைகளைச் சேகரித்ததாக எழுதியிருந்தேன். உண்மையில், ஐந்தாவதன் வாயிலிலேயே திரும்பிவிட்டேன். அதன் அளவீடுகள் என் கற்பனை. கட்டுரை ஓர் ஆய்விதழில் வெளிவந்தால்தான் எனக்குப் பட்டம்.

நான்கு தோட்டங்கள்வரை தலையசைத்தார். ஐந்தாவதை வாசித்ததும், கண்களைத் திறக்காமலே நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார்.

"கேட்டைத் தாண்ட முடியல்லையே, மகள். இந்தக் கறுப்பு நாய்க்குப் பயந்துதானே நீங்களும் திரும்பினீங்க?"

நாயைப் பற்றி நான் எவரிடமும் சொன்னதில்லை.

"ஆமா, சேர்."

"அப்ப நாலுன்னே எழுதுங்க. இத நம்பி வாறவங்க எல்லாரும் இந்த நாய்க்கு முன்னாலதான் வந்து நிப்பாங்க."

அன்றே ஐந்தாவதை நீக்கினேன். நான்கு தோட்டங்கள் போதா எனக் கட்டுரை திரும்பி வந்தது. பட்டம் ஓராண்டு தள்ளிப்போனது.

அவர் பல்லேகமவுக்கு என்றேனும் சென்றதுண்டா என்பது எனக்குத் தெரியாது. அந்த நாயை எவ்வாறு அறிந்தார் என்பதும் தெரியாது.