லைன் முதலில் யூனிட்டுக்கு

கொழும்பில் ஒரு சோதனைச் சாவடியில் ஆமிக்காரன் என் பையைத் தலைகீழாகக் கொட்டினான். வயர்ச் சுருள், பன்னிரண்டு வோல்ட் பற்றரி, சேர்க்கிட் போர்ட் எல்லாம் றோட்டில் விழுந்தன. யுத்த காலத்தில் ஒரு தமிழனுடைய பையில் இவற்றைக் கண்டால் எவன் சும்மா விடுவான்? கடைகளுக்கு அலாரம் பூட்டுகிறவன் நான் என்று சிங்களத்தில் தொண்டை வற்றச் சொல்லியும் பலனில்லை. எங்கள் முதலாளி பொலிசுக்கு வந்துதான் என்னை மீட்டார்.

அன்றிலிருந்து பை நிமலின் தோளுக்குப் போனது. எனக்குப் பிறகு வேலைக்குச் சேர்ந்த சிங்களவன். அவன் பையோடு முன்னே நடப்பான், நான் வெறுங்கையோடு பின்னே. போகிற கடையெல்லாம் அவனைத்தான் கும்பிட்டு வரவேற்கும். “பாஸ், உங்கட ஆளுக்கும் ஒரு பிளேன்டீ சொல்லட்டோ?” என்று அவனைக் கேட்பார்கள். ஆள் என்றது என்னை! கொட்டாஞ்சேனையில் பாதிக் கடைகளுக்கு அலாரம் பூட்டிய என்னை!

அப்போது கொள்ளுப்பிட்டி ஒஃபிசில் சுப்பர்வைசர் பதவி காலியாக இருந்தது. வெள்ளவத்தை நகைக்கடை வேலை முடிந்ததும் எங்கள் இருவரில் ஒருவருக்கு அதைத் தருவதாக முதலாளி சொல்லியிருந்தார். எனக்கு அது கிடைத்தே ஆகவேண்டும் என்று நின்றேன்.

அந்தக் கடையில் அலாரம் பனல் ஏற்கெனவே இருந்தது. கள்ளன் புகுந்தால் சைரன் அலறும், அவ்வளவுதான். நாங்கள் அதோடு ஒரு சிக்னலிங் யூனிட்டை இணைக்க வேண்டும். அது டெலிபோன் லைன் வழியாக எங்கள் ஒஃபிசுக்குச் செய்தி அனுப்பும். செய்தி போய்ச் சேர்ந்தால் யூனிட்டில் பச்சை லைட் எரியும். பனலிலிருந்து யூனிட்டுக்கு வரும் வயர்களை நான் பூட்டினேன். டெலிபோன் பக்கத்தை நிமல் பார்த்தான்.

சோதிக்க முதலாளி வந்தார். பின்கதவைத் திறந்தோம். சைரன் அலறியது, பச்சை எரிந்தது. அவர் நிமலின் முதுகில் தட்டினார்.

என்னதான் செய்து வைத்திருக்கிறான் என்று டெலிபோன் வயரைப் பின்தொடர்ந்து பார்த்தேன். லைனை முதலில் ஃபோனுக்குக் கொடுத்து, அதிலிருந்து யூனிட்டுக்குக் கிளை எடுத்திருந்தான்! எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது.

கடைக்காரர் நாள் முழுக்க ரிசீவரைக் காதில் வைத்திருக்கிற மனிதர். “அண்ணே, ஆரோடயாவது கொஞ்சம் கதையுங்கோ” என்றேன். அவர் மருமகனோடு கதைக்கத் தொடங்கியதும் கதவைத் திறந்தேன். சைரன் மட்டும்தான் அலறியது. பச்சை இல்லை.

“அப்ப நான் கதைச்சு முடிக்குமட்டும் கள்ளன் காத்துக்கொண்டு நிப்பானோ?” என்று கடைக்காரர் பாய்ந்தார்.

நிமலின் முகம் கறுத்தது. எல்லோரும் பார்க்க, ஆற அமர, ஒவ்வொரு வயராகக் கழற்றிக் காட்டினேன். “லைன் முதல்ல யூனிட்டுக்கு. பிறகுதான் ஃபோனுக்கு. அப்பதான் அலாரம் அடிச்சா யூனிட் ஃபோனை வெட்டிப்போட்டு லைனை எடுக்கும்.” திரும்பச் சோதித்தோம். கடைக்காரரின் கதை பாதியில் அறுந்தது, பச்சை எரிந்தது.

“ஐயோ, மருமகன் கோவிக்கப்போறான்!”

பதவி என் கைக்கு வந்துவிட்டது என்றே நினைத்தேன். வாசலில் முதலாளி என்னைத் தனியே கூப்பிட்டார்.

“சேவியர், நீர் கெட்டிக்காரன். ஆனா சுப்பர்வைசர் நிமல்தான்.”

“ஏன் ஐயா? பிழை விட்டது அவனெல்லோ!”

“பிழையை நீர் திருத்திப்போட்டீர். சாவடியை என்னெண்டு திருத்துவீர்? சுப்பர்வைசர் எண்டா சாமானோட கொழும்பு முழுக்கத் திரியவேணும். ஒவ்வொருக்காலும் நான் பொலிசுக்கு வரேலுமே?”

அவரும் தமிழர். ஒரு சிங்கள முதலாளி இதைச் சொல்லியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு எரிந்திருக்காது.

நிமல் சுப்பர்வைசரானான். புதிதாக வருகிற எவனுக்கும் அவன் சொல்லிக் கொடுக்கும் முதல் பாடம், “லைன் முதலில் யூனிட்டுக்கு, பிறகுதான் ஃபோனுக்கு.” ஒருநாள் முதலாளி அதைக் கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். “பாத்தீரே, என்ன வடிவாச் சொல்லிக் குடுக்கிறான்!”

“ஓம் ஐயா” என்றேன்.

இன்று இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வதும் அதேதான். லைன் முதலில் யூனிட்டுக்கு. யார் சொன்னால் என்ன, வேலை சரியாக நடந்தால் போதாதா என்று கேட்பீர்கள். போதாது. அதை நிமலுக்குச் சொல்லிக் கொடுத்தவன் நான்.